உவரிக் கரையில் நின்ற கறுத்த கடல்காக்கா

கேள்வி, 2024 ஜனவரி 9 (உவரியிலிருந்து ஒரு தம்பி)

அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கரைக்கு வந்தப்போ, மீன் ஏலம் போடுற இடத்துக்குத் தெக்க, வள்ளத்துக்கு அந்தால கறுத்த கடல்காக்கா ஒண்ணு நின்னுச்சு. மத்ததெல்லாம் வெள்ளை. இது மட்டும் காப்பித்தூள் நிறம். செல்லுல படம் எடுத்து, பறவை பேரு சொல்ற மெர்லின் ஆப்புல போட்டா 'சூட்டி கல்'னு காட்டுது. தேடிப் பாத்தேன், செங்கடல், ஓமன் பக்கத்துப் பறவையாம்லா. நம்ம ஜில்லாவுக்கு இதுதான் முதல் பதிவுன்னு நினைக்கேன். படம் அனுப்பிருக்கேன், சொல்லுங்க.

ஜனவரி 9, இரவு

இல்லை தம்பி. படம் பார்த்தேன். அது ஹியூக்ளின் கடற்காகத்தின் முதல் வருட இளம்பறவை. ரஷ்யாவின் வடகோடித் துந்திரப் பகுதியில் பொரித்து, குளிர்காலத்துக்கு நம் கடலோரம் வருவது. முதல் வருடம் உடம்பெல்லாம் பழுப்பும் கறுப்புமாகத்தான் இருக்கும். வெள்ளையும் சாம்பலுமாக மாற நாலு வருடம் ஆகும். செயலி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

ஜனவரி 10

நேற்று எழுதியதைக் காலையில் படித்தபோது எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு நிமிடம் படம் பார்த்துவிட்டு "இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அந்தப் படத்தில் அலகே சரியாகத் தெரியவில்லை. உவரிக் கரை தென்கிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. காலையில் கடலைப் பார்த்துப் படம் எடுத்தால் வெளிச்சம் நேர் எதிரே நிற்கும், வெள்ளைப் பறவைகூடக் கறுத்துத்தான் தெரியும். நீ நிறம் சொன்னது கண்ணால் பார்த்தா, படத்தைப் பார்த்தா என்றுகூட நான் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்.

மூன்று விஷயம் ஞாபகப்படுத்திச் சொல். அலகு முழுக்கக் கறுப்பா, இரண்டு நிறமா? கழுத்தின் பின்பக்கம் வெள்ளைப் பட்டை இருந்ததா? பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் வெளுப்பா, கறுப்பா?

ஏன் கேட்கிறேன் என்றால், புகைநிறக் கடற்காகம் (நீ சொன்ன சூட்டி கல்லை நான் இப்படி எழுதுகிறேன். ஹெம்ப்ரிச் கடற்காகம் என்றும் சொல்வார்கள்) வளர்ந்த பறவையானால் தலையும் தொண்டையும் கரும்பழுப்பு முக்காடு போட்டதுபோல இருக்கும். முக்காட்டுக்குக் கீழே கழுத்தில் வெள்ளைக் கீற்று. அலகு நீளமாக, நுனி கொஞ்சம் தொங்கினாற்போல, மஞ்சள் கலந்த பச்சையில் கறுப்பு வளையமும் சிவந்த முனையுமாக இருக்கும். இளசானால் அலகு சாம்பல், நுனி மட்டும் கறுப்பு. இறக்கையின் அடிப்பக்கம் எந்த வயதிலும் இருட்டு. ஹியூக்ளின் இளசுக்கு அலகு பெரும்பாலும் முழுக் கறுப்பு, வாலின் மேல்பக்கம் வெள்ளை, வால் நுனியில் அகலக் கறுப்புப் பட்டை.

ஜனவரி 12

தம்பியின் பதில்: "அலகு ரெண்டு நிறம்னுதான் தோணுது. கழுத்துல வெள்ளை இருந்த மாதிரி இருந்துச்சு. பறக்கத நான் பாக்கல. அப்பா பாத்தாரு, 'உள்பக்கமும் கறுப்புதாம்ல' ங்காரு."

"தோணுது", "மாதிரி". இந்த இரண்டு வார்த்தையையும் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்கிற பையன் என்று எனக்கு நம்பிக்கை வந்தது இதனால்தான். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர் உள்பக்கம் கறுப்பு என்றால் அதையும் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் காற்று ஒத்துவரவில்லையே. ஜனவரியில் நம் கரையில் வாடை. வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசுகிறது. ஓமன் பக்கத்திலிருந்து வரும் பறவை முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது வந்திருந்தால், அரபிக்கடல் தள்ளிவிட்டது என்று சொல்லலாம்.

ஜனவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை. பறவை அன்றைக்கே ஓமனிலிருந்து புறப்பட்டு வந்ததுபோல எழுதியிருக்கிறேன். கடற்காகம் படகின் பின்னால் போகிற பறவை. வலை இழுக்கும்போது கழிவுமீன் விழும், அதற்காக நாள் கணக்கில் கூடவே வரும். குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடல் மீன்பிடிக்குக் குஜராத் கடலுக்கும் அதற்கு அப்பாலும் போய் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள். புகைநிறக் கடற்காகம் பாகிஸ்தான் கரை வரை சாதாரணமாக இருப்பது, நம் மேற்குக் கரையிலும் எப்போதாவது காணப்பட்டிருப்பது. படகு படகாக மாறிக் கன்னியாகுமரி முனையைச் சுற்றி இந்தப் பக்கம் வர அதற்குக் கச்சான் வேண்டியதில்லை. வந்தது என்று சொல்லவில்லை, வாடையை வைத்து மட்டும் மறுக்க முடியாது என்கிறேன்.

ஜனவரி 16

இன்று உவரி போய் வந்தேன். பொங்கல் மறுநாள், பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. திசையன்விளை வரை நின்றுகொண்டே போய் அங்கே அடுத்த பஸ். வழியெல்லாம் குளங்கள் தளும்பிக் கிடக்கின்றன. போன டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்கப்போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். உடைந்த கரைகளில் மண்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள், இன்னும் அப்படியே இருக்கிறது.

தம்பி கப்பல் மாதா கோவில் பக்கம் நின்றான். நேரே கரைக்குக் கூட்டிப்போனான். கறுத்த பறவை இல்லை. ஒன்பது நாளாகிவிட்டதே, எதிர்பார்த்தும் போகவில்லை. பழுப்புத்தலைக் கடற்காகங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. ஏலம் நடக்கிற இடத்துக்கு மேலே வட்டம் போடுகின்றன, சாளைக் கூடையிலிருந்து ஒன்று நழுவினால் மணலைத் தொடுமுன் எடுத்துவிடுகின்றன. கொஞ்சம் தள்ளி, ஈர மணலில், பெரிய உடம்போடு ஆறு ஹியூக்ளின். அவை கூட்டத்தில் சேர்வதில்லை. ஆறில் இரண்டு முதல் வருடத்தவை. தம்பியிடம் பைனாகுலரைக் கொடுத்து "இதா நீ பார்த்தது?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தான். "இல்ல அண்ணாச்சி, அது இதவிடச் சின்னது. இது புள்ளி புள்ளியா இருக்கு, அது ஒரே மாதிரிக் கறுப்பு" என்றான்.

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இன்னொன்று நடந்தது. வள்ளத்தடியில் ஒரு பழுப்புத்தலைக் கடற்காகம் தங்கூசி நூல் காலில் சுற்றித் தவித்துக்கொண்டிருந்தது. தம்பியின் அப்பா இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் போட்டு, அலுங்காமல் பிடித்துவிட்டார். என் கையில் கொடுத்தார். இத்தனை வருடத்தில் உயிருள்ள கடற்காகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கண்மணியைச் சுற்றி வெளிர் மஞ்சள், ஏறக்குறைய வெள்ளை. இமை விளிம்பில் நூல்போலச் சிவப்பு. கண்ணுக்குப் பின்னால் கரிய பொட்டு, குளிர்காலத்தில் முக்காடு உதிர்ந்தபின் மிஞ்சுவது அதுதான். இறக்கையை லேசாக விரித்தால் நுனியில் கறுப்பு, கறுப்புக்குள் இரண்டு வெள்ளைச் சன்னல். அலகின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்று நின்று விழுந்தது. கண்ணுக்கு மேலே இருக்கும் சுரப்பி, குடித்த கடல்நீரின் உப்பைப் பிரித்து மூக்குத் துளை வழியாக வெளியே விடுகிறது. அந்தச் சொட்டு என் மணிக்கட்டில் விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடலைவிடக் கரிப்பு.

நூலைப் பிளேடால் அறுத்து எடுக்கும்போது விரலில் நன்றாகக் கடித்தது. விட்டதும் ஓடவில்லை, நடந்துபோய் மற்றதுகளோடு நின்றுகொண்டது.

"வெளியூர்க்காரன்னா கையில ஒரு பையாவது வச்சிருப்பான். இதுல எது அசலூரு எது நம்மூருன்னு எப்பிடி வே கண்டுபிடிக்கிய?" என்று அவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி.

ஜனவரி 17

அந்தக் கேள்விக்காக நேற்று ராத்திரி வரைபடத்தை எடுத்துவைத்தேன்.

பழுப்புத்தலைக் கடற்காகத்தை நான் இவ்வளவு நாளும் "நம்ம பறவை" என்றே சொல்லிவந்தேன். அது கூடு கட்டுவது லடாக்கிலும் திபெத்திலும் உள்ள ஏரிகளில். லடாக்கின் ஸோ மொரிரி ஏரி 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால், கிட்டத்தட்ட உவரியில்தான் வந்து முடிகிறது. இரண்டும் 78 பாகை தீர்க்கரேகையை ஒட்டி, மேலும் கீழுமாக இருக்கின்றன. தூரம் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர்.

ஓமனின் சலாலாவிலிருந்து உவரிக்கு அளந்தேன். அதுவும் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர்.

நேற்று என் கையில் கடித்த பறவையும், தம்பி பார்த்ததாகச் சொல்லும் பறவையும் ஒரே தூரம் வந்தவை. ஒன்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒன்றுக்காக நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். வித்தியாசம் திசையில்தான். வடக்கே இருந்து தெற்கே வருவது அந்த இனம் முழுதும் வருடா வருடம் நடக்கிற பாதை. மேற்கே இருந்து கிழக்கே வந்தால் அது தனியாள்.

ஹியூக்ளின் இந்த இரண்டையும்போல இரண்டு மடங்குக்கும் மேல் தூரம் வந்தது. முதல் நாள் அதை "வெறும் ஹியூக்ளின்தான்" என்கிற தோரணையில் எழுதினேனே, அதுவும் தப்பு.

ஜனவரி 20

"தனியாக வந்த பறவை திரும்பப் போய்விடுமா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராஸ் கடற்காகம் என்று ஒன்று. பெரும்பாலும் சைபீரியாவின் வடகிழக்கில் கூடு கட்டி, குளிர்காலத்தையும் வடதுருவப் பனிக்கட்டி ஓரத்திலேயே கழிப்பது. கோடையில் வயிற்றில் ரோஜா நிறம் ஏறும். 1975 குளிர்காலத்தில் அதில் ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூபரிபோர்ட் என்கிற துறைமுக ஊரில் வந்து நின்றது. நாட்டின் நாலு மூலையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். பத்திரிகைகள் எழுதின. அங்கே பறவை பார்ப்பது பெரிய பொழுதுபோக்காக வளர்ந்ததில் அந்த ஒரு பறவைக்கும் பங்கு உண்டு என்பார்கள்.

2017 ஜனவரியில் இன்னொரு ராஸ் கடற்காகம் கலிஃபோர்னியாவில் ஹாஃப் மூன் பே பக்கம் வந்தது. அதையும் பார்க்கக் கூட்டம் கூடியது. சில நாளில், பார்க்க வந்தவர்கள் கண்ணெதிரே, இரண்டு பொரி வல்லூறுகள் அதை அடித்துவிட்டன.

அதே 2017இல், ஆகஸ்ட் கடைசியில், கலபகோஸ் தீவுகளில் வாழும் பிளவுவால் கடற்காகம் ஒன்று சியாட்டில் பக்கம் தோன்றியது. அது ராத்திரியில் கணவாய் பிடித்துத் தின்கிற பறவை. பகலெல்லாம் மற்ற கடற்காகங்களோடு கரையில் நின்றது.

2005இல் வில்மா புயல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது அமெரிக்கக் கரையின் சிரிக்கும் கடற்காகங்கள் டஜன் கணக்கில் இங்கிலாந்துக் கரைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை வழிதவறியவை என்பதா, தூக்கிப்போடப்பட்டவை என்பதா?

திரும்பிப் போனவையும் இருக்கும். ஆனால் போகிற பறவையைப் பார்த்து எழுத அங்கே யாரும் நிற்பதில்லை.

ஜனவரி 23

ஒரு தமிழாசிரியர் எழுதியிருந்தார்: ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் பகுதியில் 'சிறுவெண்காக்கைப் பத்து' இருக்கிறதே, அது இந்தக் கடற்காகம்தானா என்று. கடற்கரையில் வாழும் சின்ன வெள்ளைக் காக்கை என்றால் கடற்காகமோ ஆலாவோதான் (ஆலா என்பது ஆங்கிலத்தில் டெர்ன்). இரண்டையும் இன்றும் நம் கரையில் கடல்காக்கா என்றே கூப்பிடுகிறவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு. வெள்ளைக் காக்கை என்று பெயர் வைக்க, அது காக்கையின் வேலையைச் செய்கிறது என்று முதலில் கவனித்திருக்க வேண்டும். உவரியில் ஏலம் நடக்கும்போது காக்கையும் கடற்காகமும் ஒரே சாளைக்குச் சண்டை போடுவதை யாரும் பார்க்கலாம்.

உள்நாட்டுக் குளத்தில் சின்னதாக வெள்ளையாகப் பறந்து பறந்து தண்ணீரைத் தொடுகிறதே, அது மீசை ஆலா. அதைக் கடற்காகம் என்று எழுதிப் பதிவு போடாதீர்கள். நயினார்குளத்திலேயே பார்க்கலாம்.

பிப்ரவரி 2

பறவை ஏன் வழி மாறுகிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். புயல் ஒரு காரணம். இளம்பறவை என்பது இன்னொரு காரணம். முதல் பயணத்தில் பல இனங்களில் திசையும் நாட்கணக்கும் பிறப்பிலேயே வந்த அறிவுதான், அதில் பிசகு இருந்தால் நேர் எதிர்த்திசையில்கூடப் போய்விடும். 2023இல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் 60 வருடமாக வளையமிட்ட 152 இனப் பறவைகளின் பதிவுகளை எடுத்து, பூமியின் காந்தப்புலம் கலங்கும் நாட்களில் வழிமாறிய பறவைகள் கூடுதல் என்று காட்டியது. அவை நிலப்பறவைகள். கடற்காகத்துக்கும் அதே கணக்கு பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

படிக்கப் படிக்க என் பழைய நோட்டு ஞாபகம் வந்தது. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்தது. கடலுக்குப் போன எத்தனை பேர் திரும்பவில்லை என்பது இந்தக் கரைக்குத் தெரியும், அதைப் பறவைக் கதைக்கு நடுவே வைத்து எழுதக் கை வரவில்லை. புயல் முடிந்த நாலாம் நாள் விஜயநாராயணம் குளத்துக்குப் போனேன். கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, குளத்தின் நடுவில் தெரிந்த மேட்டில் ஒரு கறுத்த கடற்காகம். "புகைநிறக் கடற்காகம், புயலில் அடித்து வரப்பட்டது" என்று அன்றே எழுதிவைத்தேன். தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். பதிவுகளைச் சரிபார்க்கும் இடத்துக்கு அனுப்பினேன். விவரம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். கரிச்சுக்குருவி எது காக்கை எது என்று தெரியாத ஆளிடம் பேசுவதுபோலப் பேசினார்கள் என்று எனக்கு ஆறாத மனக்குறை. அதன்பிறகு நான் யாருக்கும் எதுவும் அனுப்பியதில்லை.

தம்பியின் கேள்விக்கு முதல் நாள் நான் அவ்வளவு வேகமாக "இல்லை" என்றதற்கு அதுவும் காரணமோ என்று இப்போது நினைக்கிறேன். என் பறவையை மறுத்தார்கள், அவன் பறவையை நான் மறுத்தேன்.

நோட்டு பரணில் இருக்கிறது. எடுக்கவேண்டும்.

பிப்ரவரி 4

எடுத்தேன்.

டிசம்பர் 4, 2017, காலை. என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "உடல் முழுக்க அடர் பழுப்பு, மேல்பக்கம் செதில் செதிலாக. வால் மேல் வெள்ளை, நுனியில் கறுப்புப் பட்டை. கால் வெளிர் ரோஸ். அலகு கனம், முழுக் கறுப்பு."

முழுக் கறுப்பு என்று நானே எழுதியிருக்கிறேன். செதில் செதிலாக என்றும் எழுதியிருக்கிறேன். ஆறு வருடமாக நான் நினைவில் வைத்திருந்த பறவைக்கு அலகு இரண்டு நிறம், கழுத்தில் வெள்ளைக் கீற்று. நோட்டில் இருக்கும் பறவைக்கு அது இரண்டும் இல்லை. எப்போது அந்த வெள்ளைக் கீற்றை என் மனது வரைந்தது? படப்புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கும்.

புயல் விஷயமும் தப்பு. ஒக்கி இலங்கைப் பக்கமிருந்து வந்து அரபிக்கடலுக்குப் போன புயல். கண் குமரிக்குத் தெற்கே போனது, நாம் அதற்கு வடக்கே இருந்தோம். நமக்கு அடித்த காற்று கிழக்கேயிருந்து வந்திருக்கவேண்டும். ஓமன் பறவையை அந்தக் காற்று எப்படி விஜயநாராயணத்துக்குக் கொண்டுவரும்? நம் கரையில் நின்ற பறவையை வேண்டுமானால் உள்ளே தள்ளியிருக்கும். நம் கரையில் டிசம்பரில் நிற்பது ஹியூக்ளின்.

ஆகவே 2017 டிசம்பர் 4, விஜயநாராயணம், ஹியூக்ளின் கடற்காகம், முதல் வருடம், ஒன்று. கடலிலிருந்து அவ்வளவு உள்ளே ஹியூக்ளின் என்பதும் நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. நோட்டில் அடித்துத் திருத்தாமல், பழையது தெரியும்படி பக்கத்தில் இன்றைய தேதி போட்டு எழுதினேன். என்னிடம் கேட்டு அதை நம்பியவர்கள் இதைப் படித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

திருப்பிவிட்டவர்கள் பேசிய விதம் இன்றைக்கும் எனக்குச் சரியாகப்படவில்லை. முடிவு சரியாக இருந்தது.

பிப்ரவரி 5

"அப்போ என் பறவையும் ஹியூக்ளின்தானா அண்ணாச்சி?"

இல்லை தம்பி, அப்படி ஆகாது. என் நோட்டு உன் பறவையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நீ ஆறு ஹியூக்ளினைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சின்னது, புள்ளி இல்லை என்றாய். 2017இல் நான் அந்த வேலையைச் செய்யவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தக் குளத்தில் வேறொன்று இல்லை.

பிப்ரவரி 11

கூந்தன்குளம். 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பிறகு பலகைகள் புதிதாக இருக்கின்றன. தண்ணீர் நிறைய, ஆகவே வாத்துகள் சிதறிக் கிடக்கின்றன. பட்டைத்தலை வாத்துகளைத் தேடிக் கண்டுபிடிக்க மதியமாகிவிட்டது. அதுவும் இமயத்துக்கு அந்தப் பக்கத்துப் பறவைதான். வருடா வருடம் வருவதால் ஊரில் அதற்கு விருந்தாளி என்ற பேர்கூட இல்லை, வீட்டு ஆள் மாதிரி. கருவேல மரங்களில் செங்கால் நாரை கூடு கட்ட ஆரம்பித்துவிட்டது. தெருவுக்கு மேலேயே குச்சியைத் தூக்கிக்கொண்டு பறக்கின்றன.

கடற்காகம் ஒன்றுகூட இல்லை. மீசை ஆலாக்கள் இருந்தன.

தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011லிருந்து வருடா வருடம் நடக்கிறது. குளங்களுக்குப் போக நிறையப் பேர் வருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் கூத்தங்குழி, இடிந்தகரை, கூடுதாழை, உவரி என்று நம் மாவட்டத்துக் கரையில் காலையில் நின்று கடற்காகம் எண்ணுகிற ஆள் எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு. அரிய பறவை வரவில்லையா, வந்ததைப் பார்க்க ஆளில்லையா? தம்பி மாதிரிக் கரையிலேயே இருக்கிறவர்கள் கையில் ஒரு பைனாகுலர் கிடைத்தால் இது மாறும். என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, ஒரு பக்கம் கொஞ்சம் பூசணம். அதைத் துடைக்கக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12

திருத்தம்: நேற்று செங்கால் நாரை என்று எழுதினேன். கூந்தன்குளத்தில் கூடு கட்டுவது மஞ்சள்மூக்கு நாரை. செங்கால் நாரை ஐரோப்பாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் குளிர்காலத்துக்கு வருவது, இங்கே கூடு கட்டாது. கால் சிவந்து தெரிந்ததும் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. சுட்டிக்காட்டிய மூலைக்கரைப்பட்டி அக்காவுக்கு நன்றி.

பிப்ரவரி 25

தம்பி பறவையைப் பார்த்த அன்றைக்கே எடுத்த இன்னொரு படம் கிடைத்திருக்கிறது. அவன் தங்கை செல்லில் எடுத்த பத்து விநாடி வீடியோ, ஏலக் கூட்டத்தை எடுத்தது. ஓரத்தில் அந்தப் பறவை இரண்டு விநாடி தெரிகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பழுப்புத்தலைக் கடற்காகம் நிற்கிறது, இது அதைவிடச் சற்றே பெரிது. ஹியூக்ளின் அளவு இல்லை. தலை ஒரே கறுப்பு. அலகு நீளம். நிறம் தெரியவில்லை, தெரிகிற அளவுக்குப் படத்தில் புள்ளிகள் இல்லை. தலையைத் திருப்பும்போது கழுத்தில் ஏதோ வெளுத்துத் தெரிகிறது. வெயிலா, இறகா?

நான் என்ன நினைக்கிறேன் என்றால், இது ஹியூக்ளின் இல்லை. ஜனவரி 9இல் எழுதியதை முழுதாகத் திரும்பப் பெறுகிறேன். புகைநிறக் கடற்காகமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கடல்கொள்ளைப் பறவை எனும் ஸ்குவாவின் இளசும் கறுப்பாகத்தான் இருக்கும். அதற்கு இறக்கை நுனிப்பக்கம் வெள்ளை மின்னும், பறந்ததைப் பார்த்த அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை. எண்ணெய் ஒட்டிக் கறுத்த பழுப்புத்தலைக் கடற்காகமாகக்கூட இருக்கலாம், ஆனால் அளவு இடிக்கிறது.

தம்பி, பதிவில் 'கடற்காகம், இனம் உறுதியில்லை' என்று போடு. கீழே நீ பார்த்தது, அப்பா பார்த்தது, தங்கை வீடியோ, காற்று, நேரம், வெளிச்சம் எந்தப் பக்கம் எல்லாவற்றையும் எழுது. அலகு "தோணுது" என்பதை "தோணுது" என்றே எழுது. 2017இல் நான் அப்படி எழுதியிருந்தால் ஆறு வருடம் ஒரு தப்பைச் சுமந்திருக்கமாட்டேன்.

ஏப்ரல் 7

பைனாகுலர் போய்ச் சேர்ந்துவிட்டது. தம்பி வாரம் இரண்டு முறை எண்ணி அனுப்புகிறான். மார்ச் நடுவில் பழுப்புத்தலைகளுக்கு முக்காடு முளைத்து, பாதி முளைத்த கோலத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்ததாம். "அண்ணாச்சி, எல்லாமே அரிய பறவை மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தான். இந்த வாரம் மூன்றுதான் மிச்சம். மற்றவை லடாக் பாதையில் எங்கோ.

அவன் அப்பா சொன்னதாக ஒன்று எழுதியிருக்கிறான், அப்படியே தருகிறேன்: "கச்சான் எடுத்த மாசத்துல, ஆடிக்கு முன்னபின்ன, தூரக் கடல்ல கறுத்த காக்கா வரும். கரைக்கு வராது. வள்ளத்துக்கு மேல சுத்தும். நாங்க சின்ன வயசுலேந்து பாக்கோம். நீங்க யாரும் கேக்கலியே."

அது ஸ்குவாவா, பழுப்பு ஆலாவா, வேறெதுவா? ஜூலையில் அவர் வள்ளத்தில் எனக்கு இடம் கேட்டிருக்கிறேன். வாந்தி எடுக்காத ஆளா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.